பழங்கிரேக்கர்களும் புதுமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் கூடிப் பழங்கிரேக்க நூல்களை மொழிபெயர்ப்பில் மெதுவாகப் படித்து வருகிறோம். புதிதாக வந்து சேருகிறவர்கள், 'புதுமை' என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் எழுப்புகிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, நான் சொல்லி வந்த பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஜனநாயகம், நாடகம், தத்துவம் எல்லாமே கிரேக்கர்கள் ஆரம்பிச்சதுதானே? அப்புறம் அவங்களுக்குப் புதுசுன்னாலே ஆகாதுன்னு ஏன் சொல்றாங்க?

இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. "புதுசு பிடிக்குமா, பிடிக்காதா" என்று மொத்தமாகக் கேட்டால் விடை கிடைக்காது. எதில் புதுசு என்று கேட்க வேண்டும். பாட்டிலும் நாடகத்திலும் கைத்தொழிலிலும் புதியதைத் தேடிப் போனார்கள். சட்டத்திலும் வழிபாட்டிலும் யாராவது கை வைத்தால் கலங்கினார்கள். பாட்டை மாற்றினால் சட்டமும் மாறிவிடும் என்று அஞ்சியவரும் அவர்களில் உண்டு. அவரைப் பற்றிப் பின்னால் வருகிறது.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. 'கிரேக்கர்கள்' என்பது ஒரே ஊர், ஒரே காலம் அல்ல. ஹோமர் காலத்திலிருந்து அலெக்சாந்திரியாவின் பொறியாளர் ஹீரோன் வரை சுமார் 800 ஆண்டுகள். ஏதென்ஸ் ஒரு திசையில் போனால் ஸ்பார்ட்டா எதிர்த் திசையில் போகும்.

'புதுசு'ங்கறதுக்கு அவங்க மொழியில என்ன வார்த்தை?

இரண்டு சொற்கள் முக்கியம். ஒன்று 'நியோஸ்'. இளமையானது, அண்மையில் வந்தது என்று பொருள். வடமொழியிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட 'நவ' என்பதும் இதுவும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. மற்றது 'கைனோஸ்'. இதுவரை பார்த்திராதது, பழக்கமில்லாதது என்ற சாயல் இதில் கூடுதல். ஆனால் எழுத்தாளர்கள் இரண்டையும் கலந்துதான் பயன்படுத்தினார்கள். கறாராகப் பிரிக்க வேண்டாம்.

'நியோஸ்' அரசியலுக்குள் வந்தால் முகம் மாறிவிடும். 'நியோடெரிஸ்மோஸ்' என்பது நேர்ப்பொருளில் 'புதிதாக்குதல்', நடைமுறையில் கலகம், ஆட்சிக் கவிழ்ப்பு. கி.மு. 462-ஐ ஒட்டி ஸ்பார்ட்டாவின் அடிமைக் குடிகள் கலகம் செய்து இதோமே மலையில் அரண் பிடித்தார்கள். அவர்களை அடக்க உதவி கேட்டு ஸ்பார்ட்டா ஆளனுப்பியது. வந்த நட்புப் படைகளில் ஏதென்ஸ் படையை மட்டும் "இனி நீங்கள் தேவையில்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்களுடைய துணிச்சலையும் 'புதிது செய்யும்' குணத்தையும் கண்டு பயந்தார்கள் என்று வரலாற்றாசிரியர் தூசிடிடிஸ் காரணம் சொல்கிறார்.

'இன்னொவேஷன்'னு நாம இப்ப சொல்றோமே, அதுக்கு நேரா ஏதாவது இருந்துச்சா?

இருந்தது. 'கைனோடோமியா', அதாவது 'புதிதாக வெட்டுதல்'. சட்டத்தில், சடங்கில், பாட்டில் புதியதைப் புகுத்துவதற்கெல்லாம் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். ஆனால் அது சொல்லுக்குச் சொல் பொருந்துகிற இடம் சுரங்கம். ஏதென்ஸுக்குத் தென்கிழக்கே லாரியம் என்ற இடத்தில் வெள்ளிச் சுரங்கங்கள் இருந்தன. கி.மு. 483-ல் அங்கே பெரிய படிவம் ஒன்று அகப்பட்டது. அந்தப் பணத்தை ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போடாமல் போர்க்கப்பல் கட்டுவோம் என்று தெமிஸ்டாக்ளிஸ் மக்களைச் சம்மதிக்க வைத்தார். 480-ல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகரை வென்றது அந்தக் கப்பல்கள்தான். நிமிர்ந்து உட்காரக்கூட இடமில்லாத பொந்துகளில், எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், உளியும் சுத்தியலுமாகப் பாறையை வெட்டியவர்கள் அடிமைகள். இதைச் சொல்லாமல் அந்த வெள்ளியைப் பற்றிப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

கி.மு. 355-ஐ ஒட்டி ஏதென்ஸின் வருமானத்தைப் பெருக்க யோசனை சொல்லி, அந்த ஊர் எழுத்தாளர் செனபோன் ஒரு சிறு நூல் எழுதினார். அதில் அவர் கேட்கிறார்: முன்பு போல இப்போது யாரும் ஏன் புது வெட்டு வெட்டுவதில்லை? பதிலும் அவரே சொல்கிறார்: நல்ல தாது அகப்பட்டவன் பணக்காரன் ஆகிறான்; அகப்படாதவன் போட்ட முதல் முழுவதையும் இழக்கிறான்; அதனால் யாருக்கும் துணிவு வருவதில்லை. இதற்கு அவர் காட்டும் வழி அருமையானது. ஏதென்ஸின் 10 குலங்களுக்கும் நகரமே சம எண்ணிக்கையில் அடிமைகளைக் கொடுக்கட்டும். ஒவ்வொரு குலமும் ஓர் இடத்தில் வெட்டட்டும். ஒன்றுக்கு அகப்பட்டாலும் லாபம் எல்லாருக்கும். பத்தும் ஒருசேரத் தோற்பது நடக்காத காரியம் என்கிறார். புதுமை என்பதில் இருக்கும் நஷ்ட பயத்தையும், அந்தப் பயத்தைக் கூட்டாகச் சுமக்கலாம் என்ற எண்ணத்தையும் இவ்வளவு பச்சையாகப் பேசும் பழைய பக்கம் வேறொன்றை நான் படித்ததில்லை.

ஏதென்ஸ்காரங்க எப்பப் பார்த்தாலும் "என்ன புதுசு?"ன்னு கேட்டுக்கிட்டே திரிவாங்களாமே?

அப்படித்தான் பெயர் வாங்கியிருந்தார்கள். புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் நடபடிகள் 17-ஆம் அதிகாரம் அத்தேனே பட்டணத்தாரைப் பற்றி இதைத்தான் சொல்கிறது: புதிய செய்தி சொல்வதும் கேட்பதும் தவிர அவர்களுக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை. அதற்கு 400 ஆண்டுகளுக்கு முன்பே ஏதென்ஸின் மேடைப் பேச்சாளர் டெமோஸ்தனீஸ் தன் ஊராரைப் பார்த்து இதைக் கேட்டுவிட்டார். மாசிடோனிய மன்னன் பிலிப் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். சந்தையில் ஒருவரையொருவர் நிறுத்தி "ஏதாவது புதுசா உண்டா?" என்று விசாரித்துக்கொண்டிருப்பதுதான் உங்கள் விருப்பமா? ஒரு மாசிடோனியன் ஏதென்ஸை அடக்கி கிரேக்க விவகாரங்களை நடத்துகிறானே, அதைவிடப் புதுசு என்ன வேண்டும்?

புதுப் பாட்டு மட்டும் அவங்களுக்கு ஏன் பிடிச்சுது?

ஹோமரின் ஒடிசியில், முதல் பகுதியிலேயே இது வருகிறது. டிராய்ப் போரிலிருந்து வீரர்கள் பட்ட பாட்டோடு திரும்பிய கதையைப் பாணன் பாடுகிறான். கணவன் இன்னும் வராத பெனலோப்பி அழுதுகொண்டே, இதை நிறுத்திவிட்டு வேறு பாடு என்கிறாள். மகன் டெலிமாக்கஸ் குறுக்கே வந்து, பாணனைக் குறை சொல்லாதே அம்மா, காதுக்கு எது மிகப் புதிதோ அந்தப் பாட்டைத்தான் ஜனங்கள் அதிகம் புகழ்கிறார்கள் என்கிறான். ஊர் ரசிக்கும் புதுப் பாட்டு, அந்த வீட்டுக்காரிக்கு ஆறாத புண். பிண்டார் என்ற கவிஞர் இதே எண்ணத்தை வேறு விதமாகச் சொன்னார்: மதுவென்றால் பழையதைப் புகழ், பாட்டென்றால் புதிய பூக்களைப் புகழ்.

துணிச்சலில் எல்லாரையும் மிஞ்சியவர் மிலேட்டஸ் ஊர் டிமோதியஸ். "பழையதை நான் பாடுவதில்லை, என் புதியது அதைவிட மேல். இப்போது ஆள்வது இளைய ஜீயஸ், அவன் தகப்பன் குரோனஸ் ஆண்டது அந்தக் காலம். பழைய இசைத்தேவி போகட்டும்" என்று பாடினார். அவருடைய யாழில் நரம்புகள் கூடுதல் என்று ஸ்பார்ட்டாக்காரர்கள் கத்தியோடு வந்த கதையைப் பலவிதமாகச் சொல்வார்கள். அதைக் கதையாகவே வைத்துக்கொள்ளலாம். ஆனால் 1902-ல் எகிப்தின் அபுசீரில் ஒரு கல்லறையில் கிடைத்த பாப்பிரஸ் சுருளில் அவருடைய 'பாரசீகர்கள்' என்ற பாடல் இருக்கிறது. புதுப் பாட்டால் பழைய இசைத்தேவியை அவமதிக்கிறேன் என்று ஸ்பார்ட்டா என்னைப் பழிக்கிறது என்று அதில் அவரே முறையிடுகிறார். உடனே பழம்பெரும் பாடகர்களான ஆர்ஃபியஸ், டெர்பாண்டர், அடுத்து நான் என்று வரிசையும் போடுகிறார். பழையதைப் போ என்று விரட்டியவருக்கே பரம்பரை தேவைப்பட்டிருக்கிறது.

பாட்டுதானே, அதுக்குப் போய் பிளேட்டோ ஏன் அவ்வளவு பயந்தார்?

முதல் பதிலில் நான் குறிப்பிட்டவர் இவர்தான். 'குடியரசு' நூலில், மேலே சொன்ன டெலிமாக்கஸின் வரிகளையே எடுத்துக்காட்டி எச்சரிக்கிறார்: புதிய பாட்டு வரட்டும், ஆனால் கவிஞன் புதிய பாடும் முறையைப் புகழ்கிறான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இசையின் முறை மாறினால் நகரத்தின் பெரிய சட்டங்களும் ஆட்டம் காணும் என்று டேமோன் என்ற இசை அறிஞர் சொன்னதை அவர் அப்படியே நம்பினார்.

முதுமையில் எழுதிய 'சட்டங்கள்' நூலில் இன்னும் ஒரு படி போகிறார். குழந்தைகள் விளையாட்டைக்கூட அடிக்கடி மாற்ற விடாதீர்கள் என்கிறார். புது விளையாட்டு ஆடி வளர்ந்த பிள்ளை தகப்பனைப் போலில்லாத வேறு மனிதனாவான், வேறு வாழ்க்கை தேடுவான், அப்புறம் வேறு சட்டம் கேட்பான். கலை வடிவங்களை 10,000 ஆண்டுகளாக எகிப்தியர் மாற்றவே இல்லை என்று வியந்து பாராட்டுகிறார். எனக்கு அவருடைய முடிவில் உடன்பாடு இல்லை. ஆனால் ஒரு குழந்தையின் விளையாட்டுக்கும் நாட்டின் சட்டத்துக்கும் நடுவில் அவர் கண்ட தொடர்பு வெறும் கற்பனை என்று ஒதுக்கவும் முடியவில்லை.

புதுச் சட்டம் கொண்டு வர்றவன் கழுத்துல தூக்குக் கயிறு மாட்டுவாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?

தெற்கு இத்தாலியில் கிரேக்கர்கள் குடியேறிய லோக்ரி என்ற ஊரைப் பற்றி டெமோஸ்தனீஸ் சொல்வது இது. அங்கே புதுச் சட்டம் முன்மொழிகிறவன் கழுத்தில் சுருக்குக் கயிற்றோடு பேச வேண்டும். சட்டம் நல்லது என்று ஏற்றால் பிழைத்துப் போவான். இல்லையென்றால் கயிறு இறுகும். 200 ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே ஒரே ஒரு புதுச் சட்டம்தான் வந்ததாம். கண்ணைப் பறித்தவன் கண்ணைப் பறிகொடுக்க வேண்டும் என்பது பழைய சட்டம். ஏற்கெனவே ஒரு கண் இல்லாத ஒருவனிடம் அவனுடைய எதிரி, உன் இருக்கிற கண்ணையும் பிடுங்குவேன் என்று மிரட்டினான். எதிரிக்குப் போவது ஒரு கண், தனக்குப் போவது உலகமே என்று பார்த்த அந்த மனிதன், கயிற்றை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றான். ஒற்றைக்கண்ணனின் கண்ணைப் பறித்தவன் இரண்டு கண்ணையும் இழக்க வேண்டும் என்ற சட்டம் அப்படி வந்தது.

நிஜமா என்றால், இதைச் சொன்ன இடத்தைப் பாருங்கள். கி.மு. 353-ல், ஒருவர் கொண்டு வந்த புதுச் சட்டத்தை எதிர்த்து நடந்த வழக்குக்காக எழுதிய உரை இது. ஆளை அசைக்கத்தான் கதை சொல்கிறார். ஆனால் கேட்டுக்கொண்டிருந்த ஏதென்ஸ் ஜூரிகள் இதை அபத்தம் என்று சிரிக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அப்போ ஏதென்ஸ்ல சட்டத்தை மாத்தவே முடியாதா?

முடியும், பொறுமை வேண்டும். உள்நாட்டுச் சண்டை முடிந்து கி.மு. 403-ல் சட்டங்களைத் திருத்தி எழுதிய பிறகு, புதுச் சட்டத்தை மக்கள் அவை நேரடியாக நிறைவேற்றவில்லை. அதற்கென்று அமைத்த குழு வழக்குப் போல விசாரித்தது. நீக்கப்படப் போகும் பழைய சட்டத்துக்காக வாதாட ஐந்து பேரை நகரமே தேர்ந்தெடுத்தது. பழைய சட்டத்துக்கும் வக்கீல் வைத்த ஊர் அது.

ஆனால் அவர்களைப் பற்றி அவர்களே வைத்திருந்த எண்ணம் வேறு. அரிஸ்டோஃபனீஸின் ஒரு நகைச்சுவை நாடகத்தில் பெண்கள் ஆட்சியைக் கைப்பற்றுகிறார்கள். இந்தப் புது ஏற்பாட்டை ஊர் ஏற்குமா என்று தலைவி தயங்கும்போது, கவலைப்படாதே, புதிது வெட்டுவதும் பழையதைக் கைவிடுவதும்தான் நம் ஊரின் ஆட்சிமுறையே என்று பதில் வருகிறது. சுரங்கத்துச் சொல்லேதான் அங்கேயும்.

புது சாமியைக் கொண்டு வந்தார்னுதான் சாக்ரடீஸைக் கொன்னாங்க இல்லையா?

கி.மு. 399-ல் அவர் மேல் வைத்த குற்றச்சாட்டில் ஒரு பகுதி அது: நகரம் ஏற்கும் தெய்வங்களை ஏற்காமல், 'கைனா', அதாவது புதிய, தெய்வ சக்திகளைப் புகுத்துகிறார். இளைஞர்களைக் கெடுக்கிறார் என்பது மறுபகுதி.

ஆனால் ஏதென்ஸுக்குள் புதுத் தெய்வங்கள் வந்துகொண்டேதான் இருந்தன. கி.மு. 490 மராத்தான் போருக்குப் பின் பான் தெய்வத்துக்கு அக்ரோபோலிஸ் அடிவாரத்தில் இடம் கொடுத்தார்கள். 420-ல் மருத்துவத் தெய்வம் அஸ்கிலீபியஸ் வந்தார். திரேஸ் நாட்டுத் தெய்வம் பெண்டிஸுக்கு முதல்முறையாக எடுத்த திருவிழாவை வேடிக்கை பார்க்க சாக்ரடீஸ் துறைமுகத்துக்குப் போனதைச் சொல்லித்தான் 'குடியரசு' நூலே தொடங்குகிறது. பெண்டிஸ் ஊர் அனுமதித்து வந்தவள். சாக்ரடீஸின் தெய்வ சக்தி அவர் காதில் மட்டும் பேசியது. அவருடைய உயிர் போனது இந்த வேறுபாட்டில்தான் என்று நான் நினைக்கிறேன்.

கண்டுபிடிச்சவங்களுக்கு மரியாதை இருந்துச்சா? பேட்டன்ட் மாதிரி ஏதாவது?

ஒவ்வொரு பொருளுக்கும் 'முதலில் கண்டவர்' யார் என்று தேடுவதில் அவர்களுக்குத் தீராத ஆசை. நெருப்புக்கு பிரமீதியஸ், பகடைக்கு பாலமீடிஸ், நாணயத்துக்கு லிடியர்கள் என்று பட்டியல் போட்டார்கள். அந்நியருக்கும் அதில் தாராளமாக இடம் கொடுத்தார்கள். பேட்டன்ட் என்றால் எல்லாரும் காட்டுவது சைபரிஸ் நகரத்தை: ஒரு சமையல்காரர் புதுப் பதார்த்தம் செய்தால் ஓராண்டு வரை வேறு யாரும் அதைச் செய்யக் கூடாதாம். சைபரிஸ் கி.மு. 510-ல் அழிந்தது. இதைச் சொன்னவரோ கி.மு. மூன்றாம் நூற்றாண்டுக்காரர். சைபரிஸின் சொகுசைப் பற்றி ஏராளமான கட்டுக்கதைகள் உலவின. எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

நகரத்துக்கு நன்மை ஒன்றைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு கொடுக்கச் சட்டம் வேண்டும் என்று கேட்டவர் ஹிப்போடாமஸ். ஏதென்ஸின் துறைமுக ஊரான பிரேயஸைத் திட்டமிட்டு அமைத்தவர் அவர். அரிஸ்டாட்டில் அந்த யோசனையை மறுக்கும் பகுதியை அவசியம் படியுங்கள். மருத்துவமும் உடற்பயிற்சியும் பழைய முறையிலிருந்து விலகித்தான் வளர்ந்தன என்று முதலில் ஒப்புக்கொள்கிறார். மனிதர் தேடுவது தகப்பன் செய்ததை அல்ல, நல்லதை என்றும் சொல்கிறார். பிறகு திரும்புகிறார்: கைத்தொழிலை மாற்றுவதும் சட்டத்தை மாற்றுவதும் ஒன்றல்ல. சட்டத்துக்குக் கீழ்ப்படிய வைப்பது பழக்கம் ஒன்றுதான், பழக்கம் வரக் காலம் வேண்டும். சுலபமாக மாற்றிக்கொண்டே போனால் சட்டத்தின் பலம் தேய்ந்துவிடும்.

அடிமைகள் இருந்ததால இயந்திரம் கண்டுபிடிக்கத் தோணலைன்னு படிச்சிருக்கேன். சரியா?

நம்ப எளிதான விளக்கம், ஆனால் முழுசாகச் சரியில்லை. சாக்ரடீஸ் இறந்த அதே கி.மு. 399-ல், சிசிலியின் சிரக்யூஸ் நகரத்தில் டயோனிசியஸ் என்ற கொடுங்கோலன் பல ஊர்க் கைவினைஞர்களை அதிகக் கூலி கொடுத்துச் சேர்த்தான். தினமும் அவர்கள் நடுவே நடந்தான். நன்றாக உழைத்தவர்களைத் தன் விருந்துக்கு அழைத்தான். அம்பெறியும் கவண்பொறி அங்கேதான் பிறந்தது என்கிறார் வரலாற்றாசிரியர் டயடோரஸ். அலெக்சாந்திரியாவில் டெசிபியஸ் என்று ஒருவர், நாவிதரின் மகன். அப்பாவின் கடையில் கண்ணாடியை ஏற்றி இறக்க ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி ஒரு குழாய்க்குள் விட்டார். குண்டு இறங்கும்போது குழாயில் அடைபட்ட காற்று சத்தத்தோடு வெளியேறியது. அந்தச் சத்தத்தைக் கவனித்தவர், பிறகு நீரழுத்த இசைக்கருவியும் இறைக்கும் பம்பும் செய்தார்.

மாவரைக்கும் நீராலை வந்தபோது கவிஞர் ஆன்டிபேட்டர் அதை வாழ்த்திப் பாடினார்: திரிகை சுற்றும் பெண்களே, கையை நிறுத்துங்கள், சேவல் கூவினாலும் தூங்குங்கள், உங்கள் வேலையை நீர்த்தேவதைகள் ஏற்றுக்கொண்டார்கள். அடிமைப் பெண்களின் கைவலி ஒரு கவிஞருக்குத் தெரிந்திருக்கிறது. இயந்திரம் பரவாததற்கு அடிமை முறை ஒரு காரணமாக இருக்கலாம். 'தோன்றவே இல்லை' என்பது மட்டும் பொருந்தாது.

பொற்காலம் பின்னாடி போச்சுன்னு நம்பினவங்களுக்கு முன்னேற்றம்னு ஒரு எண்ணமே இருந்திருக்காதே?

தங்கத்தில் தொடங்கி இரும்பில் முடியும் மனித குலங்களைப் பாடிய ஹெசியட் அப்படி நம்பினார். எல்லாரும் அல்ல. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் செனோஃபனீஸ் என்ற கவிஞர் சொன்னார்: தெய்வங்கள் ஆரம்பத்திலேயே எல்லாவற்றையும் மனிதருக்குக் காட்டிவிடவில்லை, தேடித் தேடி, காலப்போக்கில், மேலானதைக் கண்டடைகிறார்கள். 'பழைய மருத்துவம்' என்ற மருத்துவ நூலும், இதுவரை கண்டதை அறிந்து அங்கிருந்து தேடினால் மீதியும் கிடைக்கும் என்கிறது. அதே நூல் புதுக் கொள்கைகளை எடுத்துக்கொண்டு வரும் மருத்துவர்களைச் சாடவும் செய்கிறது.

இல்லாததிலிருந்து எதுவும் வராதுன்னு அவங்க தத்துவம் சொல்லுதே? அப்புறம் 'புதுசு'ன்னு ஒண்ணு எப்படி இருக்க முடியும்?

பார்மனிடீஸ் என்ற தத்துவவாதி போட்ட முடிச்சு இது. இல்லாததிலிருந்து இருப்பது தோன்ற முடியாது என்றால், உலகில் புதிது என்பதே கிடையாது. அதை அவிழ்க்கப் பார்த்தவர்களில் அனக்சகோரஸ் ஒருவர். கிரேக்கர்கள் 'பிறந்தது, அழிந்தது' என்று சொல்வதே தவறு. இருப்பவை சேர்கின்றன, பிரிகின்றன, அவ்வளவுதான் என்றார். இந்த வழியில் போனால் புதுமை என்பது புதுச் சேர்க்கை. அரிஸ்டாட்டில் வேறொரு பக்கத்திலிருந்து வந்து அதேபோல ஒன்றைச் சொன்னார்: நீண்ட காலத்தில் ஏறக்குறைய எல்லாமே பலமுறை கண்டுபிடிக்கப்பட்டு, பலமுறை தொலைந்து போயிருக்கிறது.

அப்படிச் சொன்னவர் தன் வேலையைப் பற்றி எப்படிப் பேசினார் என்று பாருங்கள். போலி வாதங்களைப் பற்றிய நூலின் கடைசிப் பக்கம் அது. பேச்சுக்கலையைக் கற்றுக் கொடுத்த முன்னோர், மாணவர்களுக்கு ஆயத்தப் பேச்சுகளை மனப்பாடமாகக் கொடுத்தார்கள். கால் வலிக்காமல் இருக்க வழி சொல்கிறேன் என்று சொல்லி, செருப்புத் தைக்கக் கற்றுத் தராமல் விதவிதமான செருப்புகளைக் கொடுப்பது போல அது என்கிறார். எதிலும் தொடக்கம்தான் மிகக் கடினம், ஆனால் கண்ணுக்கு மிகச் சிறியது, பின்னால் வருகிறவர்கள் அதைப் பெருக்குவது சுலபம் என்கிறார். அனுமானம் பற்றித் தனக்கு முன்னால் சொல்லும்படியாக எதுவுமே இருக்கவில்லை, நெடுநாள் தட்டுத்தடுமாறித் தேடினோம் என்கிறார். பிறகு எதிரே உட்கார்ந்திருக்கும் மாணவர்களைப் பார்த்து இரண்டு கேட்கிறார்: விட்டுப்போனவற்றுக்கு மன்னிப்பு, கண்டுபிடித்தவற்றுக்கு நிறைய நன்றி.